தெகார்த் முதல் காண்ட் வரை: ஐரோப்பிய நவீனத் தத்துவத் தாளை எப்படிப் படிப்பது?

தத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களுக்கு இந்தத் தாள் எப்படியும் வந்துவிடும். ஓரிடத்தில் ‘நவீன மேலைத் தத்துவம்’ என்பார்கள், இன்னோரிடத்தில் ‘தெகார்த் முதல் காண்ட் வரை’ என்பார்கள். காலம் ஏறக்குறைய 1600 முதல் 1800 வரை. பாடத்திட்டத்தில் பெரும்பாலும் அதே ஏழு பேர்: தெகார்த், ஸ்பினோசா, லைப்னிட்ஸ், லாக், பார்க்லி, ஹியூம், காண்ட்.

நான் இதை முதலில் நோட்ஸ் வைத்துத்தான் படித்தேன். தெகார்த்தின் முடிவுகள் எல்லாம் மனப்பாடம். ஒரு செமினாரில் ஆசிரியர் மூலநூலின் ஒரு பத்தியைக் காட்டி, “இங்கே இவர் யாருக்குப் பதில் சொல்றார்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விடை கையில் இருந்தது, அது எந்தக் கேள்விக்கான விடை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றிலிருந்து இந்தத் தாளை நான் படித்த விதமே வேறு. கீழே சொல்வது முழுக்க அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

நம் உரையாசிரியர்கள் தடை, விடை என்று எழுதுவார்கள். ‘அஃதேல்’ என்று எதிராளியின் கேள்வியை முன்வைத்துவிட்டுப் பிறகு பதில் சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினார்கள். தடையைக் கண்டுபிடித்துவிட்டால் விடை தானே திறக்கும்.

செமஸ்டருக்கு முன்: புத்தகமும் பின்னணியும்

நல்ல மொழிபெயர்ப்புதான் முதல் முதலீடு. தெகார்த்துக்கு காட்டிங்ஹாம், ஸ்டூட்ஹாஃப், மர்டாக் மூவரும் செய்த கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பதிப்பு. ஸ்பினோசாவுக்கு எட்வின் கர்லியின் மொழிபெயர்ப்பு. நூலகத்தில் இருந்தால் போதும், வாங்க வேண்டும் என்றில்லை. இணையத்தில் ஜோனதன் பென்னட் மாணவர்களுக்காக எளிமைப்படுத்திய ‘ஏர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ்’ பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. லாக், ஹியூம் போன்றோரின் நீண்ட ஆங்கில வாக்கியங்களில் மூச்சு முட்டும்போது அவை பெரிய உதவி. ஆனால் கட்டுரையில் மேற்கோள் காட்ட அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். பென்னட் வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறார், சில இடங்களைச் சுருக்கியும் இருக்கிறார்.

பின்னணிக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். கோப்பர்நிக்கஸின் நூல் 1543. கலீலியோவுக்கு ரோமில் தண்டனை 1633. அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் தெகார்த் உலகைப் பற்றித் தான் எழுதி முடித்திருந்த நூலை வெளியிடாமல் நிறுத்தினார். முப்பதாண்டுப் போர் 1618 முதல் 1648 வரை. நியூட்டனின் ‘பிரின்சிபியா’ 1687. இவற்றுக்கு நடுவே ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய ‘வடிவம்’ உண்டு, நெருப்பு மேலே போவதும் கல் கீழே விழுவதும் அதனால்தான் என்ற அரிஸ்டாட்டில் வழி விளக்கம் விலகுகிறது. பருமன், உருவம், அசைவு இவை மட்டுமே கொண்டு இயற்கையை விளக்கும் முயற்சி அதன் இடத்துக்கு வருகிறது. அப்படியானால் நிறம் எங்கே இருக்கிறது? வலி எங்கே இருக்கிறது? மனம் எங்கே இருக்கிறது? கடவுளுக்கு என்ன வேலை? இந்தத் தாளில் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து பிறந்தவை.

ஒரு பத்தியை எப்படிப் படிப்பது

தெகார்த்தின் ‘தியானங்கள்’ 1641இல் லத்தீனில் வந்தது. ஆறு தியானங்கள், சிறிய நூல். இதை மட்டும் முழுதாகப் படியுங்கள், மற்றவர்களிடம் தேர்ந்தெடுத்த பகுதிகள் போதும். மூன்று முறை படிக்க வேண்டும். முதல் முறை பேனா இல்லாமல், நிறுத்தாமல். இரண்டாம் முறை பத்திக்கு ஒரு வரி: இந்தப் பத்தி என்ன வேலை செய்கிறது? மூன்றாம் முறை தடைகளைத் தேட.

இரண்டாம் தியானத்தில் வரும் மெழுகைப் பார்ப்போம். கூட்டிலிருந்து அப்போதுதான் எடுத்த மெழுகு. தேனின் சுவை இன்னும் போகவில்லை, பூவின் வாசம் ஒட்டியிருக்கிறது. கெட்டியாக, குளிர்ச்சியாக இருக்கிறது, விரல் முட்டியால் தட்டினால் சத்தம் வரும். பேசிக்கொண்டே அதை நெருப்பருகே கொண்டுபோகிறார். சுவை போய்விட்டது, வாசம் போய்விட்டது, நிறமும் உருவமும் மாறிவிட்டன, தட்டினால் சத்தம் இல்லை. ஆனாலும் அதே மெழுகு என்கிறோம். எதை வைத்து?

நோட்ஸ் புத்தகங்கள் இந்த இடத்தில், “பருப்பொருளின் சாரம் பரப்பு (நீளம், அகலம், ஆழத்தில் இடம்பிடிப்பது) என்று தெகார்த் நிறுவுகிறார்” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். தியானத்தின் தலைப்பைப் பாருங்கள்: மனித மனத்தின் இயல்பு பற்றி, அது உடலைவிட எளிதாக அறியப்படுவது எப்படி என்பது பற்றி. அப்போது மெழுகு எதற்கு வந்தது? ‘நான் சிந்திக்கும் பொருள்’ என்று அவர் சொல்லியாகிவிட்டது. உடனே ஒரு தடை எழுகிறது: கண்ணுக்குத் தெரியும், கைக்கு அகப்படும் பொருள்களைத்தானே நாம் தெளிவாக அறிகிறோம், கண்ணில் படாத இந்த ‘நான்’ எப்படி அவற்றைவிடத் தெளிவாகும்? அந்தத் தடைக்கான பதில்தான் மெழுகு. புலன்கள் தந்த எல்லாமே மாறிவிட்டன, ஆகவே மெழுகை அறிந்தது புலன் இல்லை. அது எடுக்கக்கூடிய உருவங்களுக்குக் கணக்கில்லை, அத்தனையையும் கற்பனையில் ஓட்டிப் பார்க்க முடியாது, ஆகவே கற்பனையும் இல்லை. மனத்தின் ஆய்வினால் மட்டுமே அறிந்தேன். மெழுகை அறியும் ஒவ்வொரு தடவையும் என் மனத்தையும் அறிகிறேன்.

இப்படி ஒரு பத்தியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், அடுத்த பத்தி இருபது நிமிடத்தில் முடியும்.

பழைய சொல், வேறு பொருள்

இந்த நூல்களில் அதிகம் ஏமாற்றுபவை தெரிந்த சொற்கள்தான். மூன்றாம் தியானத்தில் ‘அப்ஜெக்டிவ் ரியாலிட்டி’ என்று வரும். இன்றைய பழக்கத்தில், ‘மனத்துக்கு வெளியே உண்மையாக இருப்பது’ என்று எடுத்துக்கொள்வோம். தெகார்த்திடம் அது கிட்டத்தட்ட நேரெதிர். ஓர் எண்ணம் எதைக் காட்டுகிறதோ, அந்த உள்ளடக்கத்துக்கு உள்ள உண்மையின் அளவு அது. இது தெரியாமல் அந்தத் தியானத்தின் கடவுள் நிரூபணத்தைப் படித்தால் ஒரு வரிகூட நிற்காது. அதேபோல் லாக் ‘ஐடியா’ என்றால் யோசனை என்று மட்டும் பொருளில்லை. மஞ்சள் நிறம், சூடு, வலி எல்லாமே அவருக்கு ஐடியாதான்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி தமிழில் குறிப்பெடுப்பது. தேர்வு ஆங்கிலத்தில் என்றாலும் பரவாயில்லை. தெகார்த்தின் ‘மென்ஸ்’ என்ற லத்தீன் சொல்லைத் தமிழாக்க முயன்று பாருங்கள். உயிர் என்று எழுதலாமா? “புல்லும் மரனும் ஓரறிவினவே” என்கிறது தொல்காப்பியம். நமக்குப் புல்லுக்கும் உயிர் உண்டு. அரிஸ்டாட்டில் மரபில் உயிரைக் குறித்த லத்தீன் சொல்லான ‘அனிமா’வும் அப்படித்தான், செடி உணவு எடுத்து வளர்வதும் அதனால்தான். அந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் தாம் ‘அனிமா’வைத் தவிர்த்து ‘மென்ஸ்’ என்று எழுதுவதாக, தம்மை விமர்சித்த தத்துவவாதி கசாந்திக்குத் தந்த பதிலில் தெகார்த்தே சொல்கிறார். சரி, மனம் என்று எழுதலாமா? சைவ சித்தாந்தத்தில் மனம் அந்தக்கரணங்களில் (உட்கருவிகளில்) ஒன்று, மாயையிலிருந்து வந்தது, சடம். தெகார்த்தின் மென்ஸோ எந்த வகையிலும் சடமில்லாதது. ஆன்மா என்றால் பிறவிச் சுழற்சியும் வினையும் கூடவே வந்துவிடும். கடைசியில் எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் சரி. இவ்வளவு தூரம் தேடிய பிறகு தெகார்த் எதை விலக்கினார், எதை வைத்துக்கொண்டார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழ் மாணவருக்கு இயல்பாகவே கையில் இருக்கும் கருவி இது, விட்டுவிடாதீர்கள்.

தடைகளைத் தேடிப் போங்கள்

‘தியானங்கள்’ வெளிவந்தபோதே ஆறு தொகுதி ஆட்சேபங்களும் அவற்றுக்கு ஆசிரியரின் பதில்களும் சேர்ந்தே அச்சாயின. அடுத்த ஆண்டுப் பதிப்பில் ஏழாவதும் வந்தது. மூன்றாவது ஹாப்ஸ் எழுதியது, நான்காவது அர்னோ, ஐந்தாவது கசாந்தி. பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் அர்னோவுடையதைப் படித்துவிடுங்கள். எழுதியபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை, தெகார்த்தே மற்றவற்றைவிட அதை உயர்வாக மதித்தார்.

அதைவிட எனக்கு நெருக்கமானது பொஹீமியாவின் இளவரசி எலிசபெத்தின் கடிதங்கள். தந்தை அரசிழந்ததால் குடும்பம் ஹேக் நகரில் அகதியாக வாழ்ந்தது. 1643 மே மாதம், இருபத்து நான்கு வயதில், அவர் தெகார்த்துக்கு எழுதுகிறார்: ஒன்றை அசைக்க வேண்டுமானால் அதைத் தொட்டுத் தள்ள வேண்டும், தொடுவதற்குப் பரப்பு வேண்டும், ஆன்மாவுக்கோ பரப்பே இல்லை என்கிறீர்கள், அப்படியானால் அது உடலை எப்படி அசைக்கிறது? தெகார்த் எடையை உவமையாகச் சொல்லிப் பார்க்கிறார். எலிசபெத் விடவில்லை. பருப்பொருளாக இல்லாத ஒன்று உடலை அசைக்கும் என்று ஒப்புக்கொள்வதைவிட, ஆன்மாவுக்கே பருப்பொருளும் பரப்பும் உண்டு என்று ஒப்புக்கொள்வது எனக்கு எளிது என்று ஜூனில் பதில் எழுதுகிறார். தெகார்த்தின் அடுத்த கடிதத்தைக் கவனித்துப் படியுங்கள். ஆன்மாவும் உடலும் ஒன்றுபட்டிருப்பதைச் சிந்தித்து அறிவதைவிட, அன்றாட வாழ்க்கையிலும் பேச்சிலும்தான் அறிகிறோம் என்று அவர் ஒதுங்கிக்கொள்கிறார். தம் கடிதங்களை வெளியிட எலிசபெத் சம்மதிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அவை அச்சுக்கு வந்தன.

உடல்-மனச் சிக்கலைப் பற்றிப் பத்துப் பக்க விளக்கம் படிப்பதைவிட இந்த நான்கு கடிதங்கள் அதிகம் தரும்.

ஸ்பினோசாவைப் பின்னாலிருந்து

‘எத்திக்ஸ்’ 1677இல் ஸ்பினோசா இறந்த பிறகு வெளிவந்தது. வரையறை, மெய்க்கோள், கூற்று, நிரூபணம் என்று யூக்ளிடின் வடிவியல் போல எழுதப்பட்டது. முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாகப் போகிறவர்கள் பெரும்பாலும் எட்டாம் கூற்றுக்குள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

முதலில் முதல் பகுதியின் பின்னிணைப்பைப் படியுங்கள். கடவுள் நமக்காக உலகைப் படைத்தார் என்ற எண்ணம் மனிதர்களுக்கு எப்படி வருகிறது என்று சாதாரண நடையில், கொஞ்சம் கோபத்தோடு எழுதியிருப்பார். அவர் யாரோடு வாதிடுகிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். அப்புறம் நேராக 14ஆம் கூற்று: கடவுளைத் தவிர வேறு சப்ஸ்டன்ஸ் (வேறொன்றைச் சாராமல் தானாகவே இருக்கும் பொருள்) இல்லை. ஒரு பெரிய தாளை எடுத்து அடியில் அதை எழுதுங்கள். அதன் நிரூபணம் மூன்று இடங்களைச் சுட்டும். கடவுள் என்பது எல்லாப் பண்புகளும் உடைய முடிவிலாப் பொருள் என்ற 6ஆம் வரையறை, அது கட்டாயம் இருக்கிறது என்ற 11ஆம் கூற்று, ஒரே பண்புடைய இரண்டு சப்ஸ்டன்ஸ் இருக்க முடியாது என்ற 5ஆம் கூற்று. மூன்றையும் மேலே எழுதிக் கோடு போடுங்கள். பிறகு அந்த மூன்றும் எவற்றைச் சுட்டுகின்றன என்று மேலே ஏறுங்கள். அரைமணி நேரத்தில் குடும்ப மரம் போல ஒரு படம் வந்துவிடும். எல்லாப் பண்பும் ஏற்கெனவே கடவுளிடம் போய்விட்டது, இன்னொரு சப்ஸ்டன்ஸ் வந்தால் ஏதாவது ஒரு பண்பைப் பகிர்ந்தே ஆக வேண்டும், அதை 5ஆம் கூற்று தடுக்கிறது. முழு வாதமும் இவ்வளவுதான். எங்கே தாக்கலாம் என்பதும் படத்திலேயே தெரியும். லைப்னிட்ஸ் கை வைத்த இடங்களில் 5ஆம் கூற்றும் ஒன்று.

பிரிட்டிஷ் தீவுக்காரர்களும் காண்ட்டும்

மனித அறிவைப் பற்றிய லாக்கின் பெரிய நூலான ‘கட்டுரை’யில் இரண்டாம் புத்தகத்தின் 8, 23, 27 ஆகிய அத்தியாயங்கள் போதும். 27ஆவது, ஒருவர் காலப்போக்கில் அதே ஆளாக இருப்பது எதனால் என்பது பற்றியது. 1694இன் இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. அதே பதிப்பில்தான் டப்ளின்காரர் மாலினோவின் கேள்வியும் வந்தது: பிறவியிலேயே பார்வையில்லாமல் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டு அறிந்தவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? மாலினோவின் மனைவிக்குப் பார்வை இல்லை என்பதை நினைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். டெல்லியில் அறுவைச் சிகிச்சையால் பார்வை பெற்ற சிறுவர்களிடம் இதைச் சோதித்த ஆய்வு 2011இல் வெளியானது. தொட்டதைக் கண்ணால் உடனே அடையாளம் காண அவர்களால் முடியவில்லை.

பார்க்லிக்கு 1713இல் வந்த ‘மூன்று உரையாடல்கள்’ போதும், தடையும் விடையும் அதில் இரண்டு பாத்திரங்களாகவே வந்துவிடுகின்றன. ஹியூமுக்கு மனித அறிவைப் பற்றி 1748இல் வந்த ‘ஆய்வு’, அதில் 2 முதல் 5 வரையிலான பிரிவுகள், பிறகு 7. அவருடைய முதல் பெரிய நூலின் பெரும்பகுதியை அவர் எழுதியது பிரான்ஸில் லா ஃபிளெஷ் என்ற சிற்றூரில். தெகார்த் பள்ளி படித்த அதே ஊர். காண்ட்டுக்கு நேராக ‘தூய அறிவின் விமர்சன’த்தில் குதிக்காதீர்கள். அது 1781இல் வந்து சரியாகப் புரிந்துகொள்ளப்படாததால் காண்ட்டே 1783இல் ‘புரோலெகோமெனா’ என்று சுருக்கமாக எழுதினார். அங்கே தொடங்குங்கள். காரணமும் விளைவும் பற்றிய ஹியூமின் கேள்விதான் தம்மை உறக்கத்திலிருந்து எழுப்பியது என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்.

ஒரு எச்சரிக்கை. தெகார்த், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் பகுத்தறிவுவாதிகள் (அறிவுக்கு அடிப்படை சிந்தனை என்பவர்கள்), லாக், பார்க்லி, ஹியூம் அனுபவவாதிகள் (அடிப்படை புலன் அனுபவம் என்பவர்கள்) என்ற பிரிப்பு பின்னால் வந்தவர்கள் போட்டது. நடக்கப் பழக அது கைப்பிடி, அவ்வளவுதான். தெகார்த் விலங்குகளை அறுத்துப் பார்த்து உடலியல் எழுதியவர். ஒழுக்கத்தைக் கணிதம் போல நிரூபிக்கலாம் என்றவர் லாக். பார்க்லியோ பல இடங்களில் லாக்கைவிட, தெகார்த் வழிவந்த பிரெஞ்சுத் தத்துவவாதி மால்பிரான்ஷுக்குப் பக்கத்தில் நிற்கிறார். தேர்வில் அந்தப் பிரிப்பைக் கேட்டால் எழுதுங்கள், எழுதிவிட்டு இவற்றில் ஒன்றைச் சொல்லி அது எங்கே கிழிகிறது என்று காட்டுங்கள். அங்கேதான் மதிப்பெண்ணும் இருக்கிறது.

பட்டியலில் இல்லாதவர்கள்

அந்த ஏழு பேர் மட்டுமே அன்று எழுதவில்லை. மார்கரெட் கேவண்டிஷ், ஆன் கான்வே, டாமரிஸ் மாஷம், மேரி ஆஸ்டெல், எமிலி து ஷாத்லே என்று பெண்களின் ஒரு வரிசை இருக்கிறது. கான்வேயின் கருத்துகளுக்குத் தம் கருத்துகள் நெருக்கமானவை என்று லைப்னிட்ஸே எழுதியிருக்கிறார். இன்று பல பல்கலைக்கழகங்கள் இவர்களையும் பாடத்தில் சேர்த்துவிட்டன. உங்கள் தாளில் இல்லையென்றால் கட்டுரைத் தலைப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

ஜெர்மனியின் ஹாலே நகரத்தையும் கவனியுங்கள். 1721இல் அங்கே தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃப், இறைவெளிப்பாடு இல்லாமலே சீனர்கள் அறிவால் நல்லொழுக்கத்தை அடைந்தார்கள் என்று உரையாற்றினார். பையட்டிஸ்டுகள் என்ற லுத்தரன் கிறிஸ்தவப் பக்தி இயக்கத்தார் கொதித்தார்கள். 1723இல், 48 மணி நேரத்தில் வெளியேறாவிட்டால் தூக்கு என்று அரசாணை வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு படித்ததும் அதே ஹாலேதான். அவர் 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி எழுதி அனுப்பிய நூல் அங்கே அச்சேறாமல் கிடந்து, 1867இல் சென்னையில் வெளிவந்தது. கிறிஸ்தவம் அறியாத மக்களின் அறிவை என்ன செய்வது என்ற கேள்வி அந்த ஊரை இரண்டு பக்கமும் உலுக்கியிருக்கிறது. இன்றைய கானாவில் பிறந்த அன்டன் வில்ஹெல்ம் ஆமோ 1727இல் அங்கேதான் படிக்கச் சேர்ந்தார். உணர்ச்சி உடலுக்கு உரியது, மனத்துக்கு இல்லை என்று தெகார்த்தை மறுத்து 1734இல் விட்டன்பெர்க்கில் ஆய்வேடு எழுதினார்.

கட்டுரை எழுதுவது

“தெகார்த்தின் வாதம் வட்டமா?” என்ற கேள்வி எல்லா இடத்திலும் வரும். தெளிவாகவும் திட்டமாகவும் அறிவது உண்மை என்பதற்குக் கடவுள் உத்தரவாதம், கடவுள் இருக்கிறார் என்பதற்குத் தெளிவாகவும் திட்டமாகவும் அறிந்தது உத்தரவாதம். அர்னோவின் ஆட்சேபம் இது. இதற்கு 1,500 சொல் கட்டுரை என்று வைத்துக்கொள்வோம்.

தெகார்த் பிறந்த ஊரும் ஆண்டும் வேண்டாம். முதல் பத்தியிலேயே உங்கள் தீர்ப்பு இருக்கட்டும். அடுத்து ஆட்சேபத்தை, அர்னோ படித்தால் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாக எழுதுங்கள். பிறகு தெகார்த்தின் பதில்: கவனத்தில் இருக்கும்வரை ஒரு தெளிவான அறிவை ஐயப்படவே முடியாது, பின்னால் நிரூபணம் மறந்து முடிவு மட்டும் நினைவில் நிற்கும்போதுதான் கடவுள் தேவைப்படுகிறார். இனிமேல்தான் உங்கள் வேலை ஆரம்பம். ஐயப்பட முடியவில்லை என்பதும் உண்மை என்பதும் ஒன்றா? கட்டுரையின் பாதி இடம் இந்த ஒரு கேள்விக்குப் போகட்டும். தெகார்த் சார்பில் ஒரு பதிலை நீங்களே உருவாக்கி, அது நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியத்தின் கட்டுரையை முதல் வரைவு எழுதிய பிறகு திறங்கள். முன்பே திறந்தால் அதன் குரல்தான் உங்கள் தாளில் ஒலிக்கும்.

மேற்கோளுக்குப் பக்க எண் போதாது. தெகார்த்துக்கு, அவருடைய எழுத்துகளின் நிலையான மூலப் பதிப்பான ஆதாம்–தன்னெரி பதிப்பின் தொகுதியும் பக்கமும், நல்ல மொழிபெயர்ப்புகளின் ஓரத்திலேயே இருக்கும். லாக்குக்குப் புத்தகம், அத்தியாயம், பிரிவு. ஸ்பினோசாவுக்குப் பகுதியும் கூற்று எண்ணும். காண்ட்டுக்கு முதல், இரண்டாம் பதிப்புகளின் ஏ, பி எண்கள். இளங்கலைக்கு லத்தீனும் பிரெஞ்சும் தேவையில்லை. ஆய்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால் முதுகலையிலேயே ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். லைப்னிட்ஸின் கையெழுத்துகள் பெரும்பாலும் இவ்விரு மொழிகளில்தான் உள்ளன, 1923இல் தொடங்கிய அவருடைய முழுப் பதிப்பு இன்னும் முடியவில்லை.

ஆண்டிறுதி ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது லைப்னிட்ஸ், கிளார்க் இருவரின் கடிதங்கள். 1715 நவம்பரில் ஆரம்பிக்கிறது. வேல்ஸ் இளவரசி கேரலைன் வழியாகக் கடிதங்கள் போய்வந்தன. ஆளுக்கு ஐந்து. வெளி என்பது பொருள்கள் இல்லாவிட்டாலும் தனியாக இருக்கும் என்பது நியூட்டன் பக்கம் நின்ற கிளார்க்கின் நிலை. அப்படியானால் கடவுள் உலகை இங்கே வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாமே, இங்கே வைக்க என்ன காரணம் என்று கேட்கிறார் லைப்னிட்ஸ். நூல் சிறியது, இரண்டு வாரத்தில் படித்துவிடலாம். கிளார்க்கின் ஐந்தாம் பதிலுக்கு லைப்னிட்ஸின் மறுமொழி இல்லை, 1716 நவம்பர் 14 அன்று அவர் இறந்துவிட்டார். அந்த ஆறாம் கடிதத்தில் அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதையே ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையாக எழுதலாம்.